பூக்காரர் மகன் கேட்ட கணக்கு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வாழ்வைப் படித்தபோது, அது எங்கள் வீட்டுக் கணக்காகவே தோன்றியது.

1827-இல் பிறந்தவர் ஜோதிராவ். பூ வணிகம் செய்த குடும்பம். பெயரும் அதனால் வந்ததே. தொடக்கப் படிப்போடு பள்ளியை விட்டு வயலுக்குப் போன சிறுவனை, அண்டை அயலார் தந்தையிடம் எடுத்துச் சொல்லி மீண்டும் படிக்க வைத்தனர். 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். துணைவியார் சாவித்திரிபாய் ஆசிரியையானார். ஊர்ப் பகையால் இருவரும் தந்தையின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

1882-இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் மனு அளித்தார். அரசு வருவாயில் பெரும்பகுதி உழவனின் வியர்வை; அதுவோ மேல்தட்டினரின் உயர்கல்விக்குப் போகிறது என்று சுட்டினார். 12 வயது வரை கட்டாயக் கல்வியும், கிராம ஆசிரியருக்கு 12 ரூபாய்க்குக் குறையாத மாதச் சம்பளமும் கேட்டார். 1890-இல் மறைந்தார். கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது 2009-இல்தான்!

எங்கள் ஊர்ப் பள்ளி ஆய்வகத்தில் இருந்தவை உடைந்த குடுவைகள். பிப்பெட்டை நான் முதன்முதலில் தொட்டது இக்கல்லூரியில்தான். தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கும் என் தந்தைக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். தங்கை இன்னும் அதே பள்ளியில் படிக்கிறாள்.

அன்பர்களே, பூலே சுட்டிய உயர்கல்வி வரிசையில் இன்று நானும் அமர்ந்திருக்கிறேன். அவர் கேட்ட கணக்குக்கு இனி நானும் பதில் சொல்ல வேண்டியவன் அன்றோ!