குளத்தில் ஒளிந்திருந்த கமா!

குட்டீஸ், கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள், தெரியுமா?

ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் காக் (1843 - 1910), 1883-இல் எகிப்துக்குப் போய் அந்த நோயை ஆராய்ந்தார். அங்கே வேறு குழுவில் இருந்த இளம் பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் காலராவுக்கே பலியானார். காக் பின்வாங்கவில்லை. எகிப்தில் நோய் தணிந்ததும், அது இருக்கும் இடம் தேடி டிசம்பரில் நம் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார்!

இறந்தவர்களின் குடலில் கமா வடிவ பாக்டீரியா இருந்தது. அடுத்து, ஒரு குளம். சுற்றிலும் குடியிருந்த பலருக்குக் காலரா. குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். நோயாளியின் துணியையும் அதிலேதான் அலசினார்கள். அந்த நீரைச் சோதித்தால்... அதே கமா!

2004 சுனாமிக்குப் பின் நம் கடலோர முகாம்களில் குடிநீரில் குளோரின் கலந்தார்களே, இந்த மாதிரிக் கிருமிகள் நுழையக்கூடாது என்றுதான்.