எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம்: வாழ்வும், அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப்பைப் பராமரிப்பும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின், கதீட்டர் எனப்படும் சிறுநீர் வடிகுழாயுடன் நீங்கள் வீடு திரும்பியிருக்கலாம். வெர்ட்ஹைம் அறுவை சிகிச்சை என்ற பெயரையும் மருத்துவமனையில் கேட்டிருக்கலாம். அப்பெயருக்குரியவரின் வாழ்வை அறிந்தால், இக்குழாயின் தேவையும் விளங்கும்.

வாழ்வும் பணியும்

எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் 1864ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று, பின்னர் வியன்னாவில் பேராசிரியர் ஷௌட்டாவிடம் பணியாற்றினார். அக்காலத்தில் கருப்பையை மட்டும் அகற்றிய பெண்கள் பலருக்கு நோய் மீண்டும் தோன்றியது. ஆகவே 1898ஆம் ஆண்டு முதல் அவர் வயிற்றைத் திறந்து, கருப்பையுடன் அதனைச் சூழ்ந்த திசுக்களையும் யோனியின் மேற்பகுதியையும் அகற்றலானார். ஆசிரியர் ஷௌட்டாவோ யோனி வழியாகச் செய்யும் முறையையே விரும்பினார்.

நோய்த்தொற்றைத் தடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோருள் பலர் உயிரிழந்தனர். சிலருக்குச் சிறுநீர்ப் பாதை சேதமுற்றது. வெர்ட்ஹைம் இவற்றை மறைக்கவில்லை. 500 அறுவை சிகிச்சைகளின் விளைவுகளை 1911ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அனுபவம் பெருகப் பெருக இறப்புகள் குறைந்தன. 1920ஆம் ஆண்டு வியன்னாவில் அவர் காலமானார்.

குழாய் ஏன் தேவை?

அகற்றப்படும் திசுக்களுக்கு அருகிலேயே சிறுநீர்ப்பைக்குரிய நரம்புகள் செல்கின்றன. அவை பாதிக்கப்பட்டால், சிறுநீர்ப்பை நிரம்பிய உணர்வும் அது சுருங்கும் ஆற்றலும் குறையும். அளவுக்கு மீறி நிரம்பி விரிந்தால் மீட்சி தாமதமாகும். அதுவரை குழாய் அதற்கு ஓய்வளிக்கிறது. நரம்புகளைக் காக்கும் முறைகள் பிற்காலத்தில் வந்துள்ளபோதும், பலருக்குச் சில காலம் குழாய் தேவைப்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

குழாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழாய் வெளிவரும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்யுங்கள். சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்பை விடத் தாழ்வாக, தரையில் படாமல் வையுங்கள். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பை முழுவதும் நிரம்பும் முன் காலி செய்யுங்கள். குழாயை நீங்களாக இழுக்க வேண்டாம்.

குழாயை அகற்றிய பின், உணர்வு வரும்வரை காத்திராமல், மருத்துவர் கூறும் கால இடைவெளியில் சிறுநீர் கழியுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியேறிய அளவைக் குறித்து வையுங்கள். எஞ்சும் சிறுநீர் அதிகமாயின், நீங்களே குழாய் செலுத்தி வெளியேற்றும் முறையைச் செவிலியர் கற்பிப்பார்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம், சிறுநீர் வராமை அல்லது யோனி வழியாக நீர் கசிதல் காணப்பட்டால் உடனே மருத்துவமனையை அணுகுங்கள்.

இவற்றைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். தம் சிகிச்சையின் தீங்குகளையும் வெர்ட்ஹைம் பதிவு செய்ததால்தான் பின்வந்தோர் அதனைச் செம்மைப்படுத்த முடிந்தது. நீங்கள் மறைக்காமல் கூறும் ஒவ்வொரு சிரமமும் உங்கள் மருத்துவருக்கு அவ்வாறே வழிகாட்டும்.