அய்ய நாடாரும் மருந்தறை ரகசியமும்

சிவகாசியின் தொழில் வரலாறு 1922-ஆம் ஆண்டின் ஒரு நெடும்பயணத்தில் தொடங்குகிறது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாது என்று உணர்ந்த இரு இளைஞர்கள், தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்பதற்காகக் கல்கத்தா சென்றனர். ஒருவர் பி. அய்ய நாடார், மற்றவர் அவருடைய உறவினர் ஏ. சண்முக நாடார். 1905-இல் பிறந்த அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட நிறைவடையவில்லை.

கல்கத்தாவுக்கு அத்தொழில் 1910-ஐ ஒட்டி அங்கு குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் வழியாக வந்தது. அவர்களிடமிருந்து வங்காளிகள் கற்றனர். பூர்ண சந்திர ராய் என்ற வங்கத் தொழிலதிபரிடம் இவ்விருவரும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் பயின்றனர். பின்னாளில் குட்டி ஜப்பான் என்று பெயர்பெற்ற ஊர், இவ்வாறு கைமாறி வந்த அறிவின் விளைவு. கற்றுக்கொடுக்க ஒருவர் மறுத்திருந்தால் அந்த ஊர் வேறு ஊராக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியவர்கள் 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். முதலில் ஜெர்மானிய இயந்திரங்களை வரவழைத்துப் பார்த்தனர். பிறகு உள்ளூர்க் கைகளைக் கொண்டே செய்வதுதான் கட்டுப்படியாகும் என்று தெளிந்தனர். இறக்குமதித் தீப்பெட்டிக்கு 1922-இல் சுங்கவரி உயர்ந்திருந்தது அவர்களுக்குத் துணைநின்றது. 1926-இல் இருவரும் மனவேறுபாடின்றித் தனித்தனி நிறுவனங்களாயினர். அவர்களைப் பார்த்துப் பலரும் தொழிலில் இறங்கினர். வண்ண மத்தாப்புத் தீக்குச்சியில் தொடங்கிய ஆர்வம் பட்டாசு வரை வளர்ந்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தபோது, அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் அய்ய நாடார் விளங்கினார்.

அவர் கற்றுவந்த தொழிலுக்குள்ளேயே ஒரு பழைய பாடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவி தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. அதற்கு மாற்றான நச்சற்ற கலவையின் அமெரிக்கக் காப்புரிமை டைமண்ட் மேட்ச் நிறுவனத்திடம் இருந்தது. அரசின் வேண்டுகோளை ஏற்று 1911-இல் அந்நிறுவனம் அவ்வுரிமையைப் பொதுமக்களுக்காக விட்டுக்கொடுத்தது. இந்தியாவிலும் 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆகவே அய்ய நாடார் கற்றது பாதுகாப்புத் தீக்குச்சியின் முறையை. குச்சியின் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் என இரண்டையும் பிரித்து வைப்பதே அதன் சூட்சுமம். எது எதனோடு சேரக்கூடாது என்ற அறிவே அத்தொழிலின் அடித்தளம்.

ஈட்டிய செல்வத்தை அவர் ஊருக்கும் செலவிட்டார். சிவகாசி நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். 1963-இல் அவர் பெயரையும் துணைவியார் ஜானகி அம்மாள் பெயரையும் தாங்கிய கல்லூரி உருவானது. தொழிற்கூடத்தில் கைப்பழக்கமாகக் கற்ற ஒருவர், அடுத்த தலைமுறை வகுப்பறையில் கற்க வழிசெய்தார். 1980-களின் தொடக்கத்தில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் சில ஆண்டுகளில் போபால் நிகழ்ந்தது. தாங்கள் எந்த வாயுவுக்குச் சிகிச்சை அளிக்கிறோம் என்பது தெரியாமல் மருத்துவர்கள் தவித்தனர். அதன் விளைவாக 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி பிரிவு சேர்ந்தது. அபாயகரமான தொழில் நடத்துவோர், அதன் ஆபத்தையும் அதைத் தவிர்க்கும் வழியையும் தொழிலாளர், ஆய்வாளர், உள்ளாட்சி அமைப்பு, அக்கம்பக்கத்து மக்கள் ஆகிய அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறியது. 1992-இல் குளோரேட்டுடன் கந்தகம் கலந்த வெடிபொருள் தடைசெய்யப்பட்டது. சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடிய கலவை அது.

ஆனாலும், 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 38 உயிர்கள் போயின. ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊர்மக்களும் அவர்களுள் இருந்தனர். உள்ளே இருப்பு வைக்கப்பட்டிருந்தது என்ன, எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும்.

2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடைவிதித்தது. மறு ஆண்டு, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் அறிமுகமாயின. அப்போது ஆலைகளுடன் சுமார் 230 புரிந்துணர்வு ஒப்பந்தங்களும், 165 ரகசியக் காப்பு ஒப்பந்தங்களும் கையெழுத்தாகியிருந்தன. இதில் தவறேதுமில்லை. தொழில் ரகசியத்துக்கென நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லாத நிலையில், காசு செலவழித்து உருவாக்கிய கலவையைப் போலித் தயாரிப்பாளரிடமிருந்து காக்க ஒப்பந்தமே கவசம். சிறிய ஆலைகளுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

ஆனால் அந்தக் கவசம் யாரிடமிருந்து காக்கிறது என்பதே கேள்வி. எந்தப் பொருள் எத்தனை பங்கு, எந்த நிறத்துக்கு எந்தச் சேர்மானம் என்பன முதலாளியின் சொத்து. அந்த மருந்து எதில் உரசினால் தீப்பற்றும், ஈரம் பட்டால் என்னாகும், தூசி நுரையீரலில் சேர்ந்தால் என்ன நோய் வரும் என்பன மருந்து கலக்கும் அறைக்குள் நுழைபவரின் உரிமை. இவ்விரண்டையும் ஒரே பூட்டில் பூட்டுவதுதான் பிழை. போட்டியாளருக்குப் பயன்படுவது விகிதம். தொழிலாளிக்குப் பயன்படுவது எச்சரிக்கை. முன்னதை வெளியிடாமலேயே பின்னதைச் சொல்ல முடியும்.

இதற்குப் பெரும் செலவு ஆகாது. மருந்தறைச் சுவரில் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை, இருப்பின் தன்மையும் அளவும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தெரிந்திருத்தல், விகிதங்களை ரகசியம் காக்கும் பொறுப்புடன் அரசு ஆய்வாளரிடம் ஒப்படைத்தல், தீக்காயமுற்றவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் கேட்டவுடன் முழுக் கலவையையும் தருதல் ஆகிய நான்கும் போதும். உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கும் உரிமையாளரையும் இக்கடமை பிணைக்க வேண்டும்.

கல்கத்தாவில் ஒருவர் திறந்துவைத்த அறிவால் வாழ்ந்த ஊர் சிவகாசி. அந்த ஊரின் மருந்தறையில் வேலை செய்பவர், தன் கையில் இருப்பது இன்னதென்று அறியாமல் உயிரிழப்பது அய்ய நாடார் தொடங்கிய மரபுக்குப் பொருந்தாது. தொழில் ரகசியம் ஆலையின் இலாபத்தைக் காக்கட்டும்; ஆபத்தை மறைக்கும் திரையாக அது மாறக் கூடாது.