எல்லைக் கல்லுக்கு அப்பால்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கல்லாற்றைக் கடந்த பின் வரும் சிற்றூர் பர்லியார். மங்குஸ்தானும் துரியனும் பலாவும் விளையும் அரசுப் பழப்பண்ணையாலும், சாலையோரப் பழக்கடைகளாலும் அது பலருக்கும் அறிமுகமானது. பறவைகளுக்கான இடமாக அதை எண்ணுவோர் மிகச் சிலரே. அங்கே சரணாலயம் என்ற பெயர்ப்பலகை இல்லை. தேசியப் பூங்காவின் நுழைவாயிலும் இல்லை.

ஆனால், சமவெளியின் வெப்பமும் உதகை மேட்டுநிலத்தின் குளிரும் சந்திக்கும் சரிவு அது. பழந்தின்னிப் பறவைகளுக்கு அங்கே உணவு உண்டு. ஓடைகளை நம்பி வாழும் பறவைகளுக்கு நீர் உண்டு. பலாப்பழக் காலத்தில் யானைக் கூட்டங்கள் அந்தச் சரிவில்தான் ஏறி இறங்குகின்றன. அந்தச் சரிவில் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில், என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. முதுமலை இருக்கிறது, முக்கூர்த்தி இருக்கிறது. காட்டுயிர்களுக்கு அவை போதாதா என்பதே அது.

அக்கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் நான் சாலிம் அலியின் வாழ்க்கையையே எண்ணிப் பார்க்கிறேன். இந்தியாவில் பறவைகளுக்காகப் பாதுகாப்பிடங்கள் உருவாக அவரைப்போல் உழைத்தவர்கள் குறைவு. பாதுகாப்பிடத்தின் ஆற்றல் எது, அதன் எல்லை எது என்ற இரண்டையும் அவருடைய வாழ்க்கை ஒருங்கே காட்டுகிறது.

1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தவர் சாலிம் அலி. குழந்தைப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் இழந்து, தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று மாமனுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் சிறுவனை அனுப்பி வைத்தார். பாடம் செய்து அடுக்கப்பட்ட பறவைகள் நிறைந்த அந்தக் கழகத்தின் அறைகளே சிறுவனின் பள்ளியாயின. வேட்டையாடத் துடித்த சிறுவன் பறவைகளை அறியத் துடிக்கும் மனிதனாக மாறிய தொடக்கம் அதுதான்.

அவருடைய பாதை எளிதாக அமையவில்லை. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழில்களைக் கவனிக்கச் சென்றவர், அங்கும் காடுகளில் பறவைகளின் பின்னால் அலைந்தார். நாடு திரும்பியபின், 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. பின்னர் விடுப்பில் பெர்லினுக்குச் சென்று, எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பறவையியல் அறிஞரிடம் பயின்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, நிதி இல்லை என்ற காரணத்தால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுப் பணியும் கிடைக்கவில்லை.

வேலையற்ற அந்த நாள்களில் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிகிம் என்ற கடற்கரைச் சிற்றூரில் மனைவி தெஹ்மினாவுடன் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகளைப் பல மாதங்கள் உற்று நோக்கினார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துவதையும், பெண் குருவி வந்து பார்த்து ஏற்றபின் அதை முடிப்பதையும், பிறகு வேறொரு துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் அவர் முறையாகப் பதிவு செய்தார். பறவையைச் சுட்டுப் பெட்டியில் அடுக்குவதே பறவையியல் என்றிருந்த காலத்தில், உயிருள்ள பறவையை அதன் வாழிடத்திலேயே வைத்துப் படிக்கும் வழியை அந்த ஆய்வு காட்டியது.

அதற்கடுத்த கட்டத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் நம் நீலகிரி. ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, கோத்தகிரியில் சில காலம் தங்கினார். தென்னிந்திய மலைகளின் பறவைகளோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்ட காலம் அது. அதன் பின்னர் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் உள்ளிட்ட சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். ஊதியம் வேண்டாம், பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் போதும் என்பதே சமஸ்தானங்களுக்கு அவர் விதித்த நிபந்தனை. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்ற அந்த முகாம்களில் தெஹ்மினாவும் உடனிருந்தார். 1939-இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் மறைந்தது சாலிம் அலியை நிலைகுலையச் செய்தது. அந்தத் துயரத்திலிருந்து பறவைகளிடமே அவர் மீண்டும் திரும்பினார்.

1941-இல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மக்களின் கையில் பறவையியலைக் கொண்டு சேர்த்தது. சிறையிலிருந்த நேரு அந்நூலின் படி ஒன்றை மகள் இந்திராவுக்கு அனுப்பி வைத்தார். பின்னாளில் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு, இந்தியத் துணைக்கண்டப் பறவைகளுக்கு இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குகிறது.

இத்தனை ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று எடுத்த கணக்குத்தான், பாதுகாப்பிடங்களுக்காக அவர் வாதாடியபோது கைகொடுத்தது. ராஜஸ்தானின் பரத்பூர் ஏரிக்காடு மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. விடுதலைக்குப் பின் அந்த நீர்நிலையை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பசித்த நாட்டில் அது நியாயமற்ற கோரிக்கை அல்ல. ஆயினும், மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் நீர்ப்பறவைகளுக்கு அந்த ஏரிக்கு மாற்று இல்லை என்பதை சாலிம் அலி அதிகாரத்தில் இருந்தோருக்கு உணர்த்தினார். 1956-இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சிறு நிலம், பின்னர் கேவலாதேவ் தேசியப் பூங்காவாகவும், 1985-இல் உலகப் பாரம்பரியத் தலமாகவும் உயர்ந்தது.

தமிழகத்தின் கோடியக்கரைக்கும் அவருடைய பங்களிப்பு உண்டு. அந்த உப்பங்கழியின் முக்கியத்துவத்தை 1962-இல் அவர் சுட்டிக்காட்டினார். 1967-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வெளிமான்களும் பூநாரைகளும் அங்கே புகலிடம் பெற்றன. பம்பாய் கழகம் அங்கே அமைத்த முகாம்களில் ஆயிரக்கணக்கான பறவைகளின் கால்களில் வளையங்கள் மாட்டப்பட்டன. எந்தப் பறவை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற செய்தியை அந்தச் சிறு உலோக வளையங்களே நமக்குத் தந்தன. ஓர் ஊரின் சதுப்பு நிலம் அழிந்தால், பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்னொரு நாட்டின் பறவையினம் மெலியும் என்பதை நாம் அறிந்தது அப்படித்தான்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்கூர்த்தியை ஒட்டியுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். சிங்கவால் குரங்கின் கடைசிப் புகலிடங்களில் ஒன்றான அந்த மழைக்காடு, திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் தேசியப் பூங்காவானது. 1976-இல் தமக்குக் கிடைத்த ஜே. பால் கெட்டி விருதின் 50,000 டாலர் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியமாக்கினார். 1987 ஜூன் 20 அன்று மறைந்தார். அவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் 1990 முதல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்குகிறது.

இவ்வளவோடு முடித்தால் அது புகழுரையாகிவிடும். பரத்பூரில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1982-இல் பூங்காவுக்குள் எருமைகள் மேய்வது தடை செய்யப்பட்டது. தடையை ஆதரித்தவர்களுள் சாலிம் அலியும் இருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்து வந்த கிராமத்தினர் கொதித்தெழுந்தனர்; காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பறிபோயின. பிறகு நடந்தது எவரும் எதிர்பாராதது. மேய்ச்சல் நின்றதும் நீர்ப்புல் ஏரியெங்கும் அடர்ந்தது. நீர்ப்பரப்பு சுருங்கி, பறவைகளுக்கு இரை தேடும் இடம் குறைந்தது. எருமைகளே அந்த ஏரியைத் திறந்து வைத்திருந்தன என்பதை எடுத்துச் சொன்னது வேறு யாருமல்ல. சாலிம் அலி வளர்த்தெடுத்த அதே பம்பாய் கழகத்தின் பத்தாண்டு ஆய்வுதான்.

பரத்பூருக்கு மற்றொரு அடி தண்ணீரால் விழுந்தது. ஏரிக்கு நீர் தரும் ஆற்றின் மேற்புறத்தில் உள்ள பாஞ்சனா அணை நீருக்காக 2004-இல் விவசாயிகளுக்கும் பூங்காவுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. ஏரி வறண்டது, பறவைகள் வருவது வெகுவாகக் குறைந்தது. அங்கே குளிர்காலத்தைக் கழித்துவந்த சைபீரியக் கொக்குகளோ 2002-க்குப் பின் வரவே இல்லை. அவை வரும் வழியெங்கும் நிகழ்ந்த வேட்டையையும் வாழிட அழிவையும் பூங்காவின் வேலியால் தடுக்க இயலவில்லை.

பாதுகாப்பிடம் பயனற்றது என்பதல்ல இதன் பொருள். பரத்பூர் சரணாலயமாகியிராவிட்டால் இன்று அங்கே ஏரியே இருந்திராது. ஆனால், எல்லைக் கல் நட்டதும் கடமை முடிந்துவிடுவதில்லை. எல்லைக்கு வெளியே உள்ள நீரும் கால்நடையும் மனிதரும் சேர்ந்துதான் உள்ளே இருக்கும் பறவையைக் காக்கிறார்கள், அல்லது கைவிடுகிறார்கள்.

நீலகிரியிலும் இதுவே உண்மை. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகளுக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான இடம். 1940 முதல் சரணாலயமாக உள்ள காடு அருகில் இருந்தும், அக்கழுகுகள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. ஏனென்றால் இந்தியா முழுவதும் அவற்றைக் கொன்றது மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து. மருந்தேற்றப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கான அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகின் உயிர் அதற்குப் பிறகும் ஊர்ப்புறத்து மாட்டுக்கொட்டிலில் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தே இருக்கிறது.

நம்பிக்கை தரும் சான்றும் இங்கேயே இருக்கிறது. சாலிம் அலி தங்கியிருந்த கோத்தகிரியின் ஓரத்தில் உள்ள லாங்வுட் சோலை, ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்பே உடையது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் நெருக்க, அது எஞ்சி நின்றதற்கு உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாகக் காவல் காத்ததும் ஒரு காரணம். சோலை மழையை உறிஞ்சி மெல்லக் கசிய விடுவதால் கீழே உள்ள கிராமங்களுக்குக் குடிநீர் கிடைக்கிறது. 2024 தொடக்கத்தில் அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2022 வரை கோடியக்கரையை மட்டுமே ராம்சர் தலமாகக் கொண்டிருந்த தமிழகம், 2025 தொடக்கத்தில் 20 தலங்களைப் பெற்றது. பாராட்டத்தக்க இந்த வளர்ச்சி, அறிவிப்புப் பலகைகளோடு நின்றுவிடக் கூடாது.

பர்லியார் போன்ற சரிவுகளின் நிலை இங்கேதான் கவலை தருகிறது. வானில் வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற அரிய பறவைகளுக்கு உதகையின் சோலைகள் குளிர்கால வீடு. அந்தச் சோலைகளையும் சமவெளியையும் இணைக்கும் படிக்கட்டுகள் இத்தகைய சரிவுக் காடுகள். சாலையை அகலப்படுத்த எழுப்பப்படும் உயர்ந்த தடுப்புச் சுவர்கள் யானையின் வழியை மறிக்கின்றன. பயணிகள் வீசும் நெகிழிப் பைகள் ஓடைகளில் அடைகின்றன. இவற்றைக் கேட்பதற்குச் சரணாலயச் சட்டத்தின் முழு வலிமை இங்கே இல்லை. இதற்காக பர்லியாரைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருளர், குறும்பர் குடியிருப்புகளும் பழத்தோட்டங்களும் உள்ள நிலம் அது. மக்களை அந்நியராக்கும் பாதுகாப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பரத்பூர் நமக்குக் கற்பித்திருக்கிறது.

நான் கேட்பது சிறியது. மலைச்சாலைப் பணி ஒவ்வொன்றுக்கும் முன்னர், விலங்குகள் கடக்கும் இடங்களை வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் உள்ளூர் பழங்குடியினரோடு நடந்து பார்த்துக் குறிக்கட்டும். பழக்கடைகள் இருக்கும் இடத்திலேயே கழிவைச் சேகரிக்க உள்ளாட்சி வழிசெய்யட்டும். சாலிம் அலியின் பிறந்த நாளான நவம்பர் 12 அன்று, மலையடிவாரப் பள்ளிகளின் மாணவர்கள் தம் ஊர்ச் சரிவின் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்யட்டும். எந்தப் பறவை இருந்தது என்ற கணக்கு இல்லாத ஊரில், எந்தப் பறவை மறைந்தது என்று கேட்கவும் ஆள் இருக்காது. பட்டமும் பதவியும் இல்லாத நாள்களில் சாலிம் அலி தொடங்கியதும் அந்தக் கணக்கிலிருந்துதான்.