எப்.ஏ. தேறாத மேதை

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நெஞ்சு படபடக்காத மாணவர் உண்டோ? கருநாடகத்தில் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டுமானால் பி.யூ. மதிப்பெண்ணில் பாதி, பொது நுழைவுத் தேர்வில் பாதி என்று கணக்கிட்டுத் தகுதி காண்கிறார்கள். அந்த எண்ணுக்கு மேலே இருப்பவன் உள்ளே. கீழே இருப்பவன் வெளியே! இத்தகைய வாயிலில் நின்று, உள்ளே செல்ல இயலாமல் திரும்பிய தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்கே நினைவு கூர்வோம். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தாயின் பிறந்தகமாகிய ஈரோட்டில் அவர் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். வருவாய் மிகக் குறைவு. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடி வந்தவர். வறுமை நிறைந்த அந்த வீட்டுக்கு முதலில் கைகொடுத்தது எது தெரியுமா? தேர்வேதான். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார் இராமானுஜன். அதனால் நகர உயர்நிலைப் பள்ளியில் அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. 1903 இறுதியில் மெட்ரிகுலேஷன் தேர்வையும் சிறப்பாக முடித்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பெற்ற தேர்ச்சிக்காக அவருக்கு உதவித் தொகை வழங்கப்பட்டது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. பள்ளியில் இருக்கும்போதே கார் என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான சமன்பாடுகள், விளக்கமோ மிகச் சுருக்கம். ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவருக்கு மற்றப் பாடங்கள் மறந்தே போயின. எந்த ஆங்கிலத்துக்காகவும் பரிசு பெற்றாரோ, அந்த ஆங்கிலக் கட்டுரைத் தாளிலேயே தவறினார். உதவித் தொகை நின்றது. மனமுடைந்து 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை சென்றார்.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நோய் குறுக்கிட்டது; உடலியல் பாடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. அவ்வாண்டு இறுதியில் எப்.ஏ. தேர்வில் தோற்றார். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது விதி. கணிதத்தில் எவ்வளவு பெற்றாலும் உடலியலில் விழுந்த பள்ளத்தை அது நிரப்பாது. இதே சென்னைப் பல்கலைக் கழகத் தேர்வைத்தான் அந்நாளில் நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி மாணவர்களும் எழுதினார்கள். மைசூர்ப் பல்கலைக் கழகம் பிறந்தது 1916இல்தானே!

பட்டம் இல்லை, வேலையும் இல்லை. 1909இல் திருமணம் நடந்தது. கணக்கேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியோர்களின் வீட்டு வாயில்களில் நின்றார். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயர் அவர் அறிவை அறிந்து பரிந்துரைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் தம் சொந்தப் பணத்திலிருந்து திங்கள்தோறும் உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் இருந்த கணிதம் அவரை வியக்க வைத்தது.

அவ்வாண்டே சென்னைப் பல்கலைக் கழகத்தின் முன் ஒரு சிக்கல் எழுந்தது. ஆராய்ச்சி உதவித் தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது. இராமானுஜனோ எப்.ஏ. கூடத் தேறாதவர். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவர் ஏட்டைப் பார்த்துப் பரிந்துரைத்தார். கணிதப் பாடக் குழுவும் இசைந்தது. ஆயினும் விதி குறுக்கே நின்றது. அப்போது விதியைக் கடந்து சட்டத்தின் நோக்கத்தை நோக்கினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக் கழகத்தின் கடமை என்று சட்டமே கூறும்போது, ஆராய்ச்சி செய்ய வல்லவனை வெளியே நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்? திங்களுக்கு 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு என்று முடிவாயிற்று. பதிலுக்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் தம் ஆராய்ச்சி அறிக்கையைத் தர வேண்டும். தேர்வு அகலவில்லை, அவருக்கு ஏற்ற தேர்வு வந்தது.

1914 மார்ச்சில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜும் வழக்கமான தகுதிச் சான்று கேளாமல் அவரை ஏற்றுக்கொண்டது. 1916இல் ஆராய்ச்சிக் கட்டுரைக்காகவே பி.ஏ. பட்டம் வழங்கியது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்! 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் பெல்லோ ஆனார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் நோயும் உடலை அரித்துவிட்டன. 1919இல் தாயகம் திரும்பியவர், நோய்ப் படுக்கையிலும் எழுதிக்கொண்டேயிருந்து, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு.

நண்பர்களே, இவ்வரலாற்றைக் காட்டித் தேர்வே வேண்டாம் என்று முழங்குவது எளிது. அது நேர்மையாகாது. கடைக் கணக்கர் மகனை மாவட்டத்தின் முதல்வனாக அடையாளம் காட்டியதும் ஒரு தேர்வுதான். தேர்வு இல்லாத இடத்தில் செல்வாக்கு வந்து அமர்ந்துகொள்ளும். ஏழைக்கு அங்கே இடமிராது. ஆனால் ஒரே அளவுகோல் எல்லாரையும் அளந்துவிடும் என்று நம்புவதும் பிழையே. முதல் தோல்விக்கும் அந்த 75 ரூபாய்க்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடின. முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு எட்டு ஆண்டு என்பது கால் பங்கு வாழ்க்கை அல்லவா?

வாயில் வேண்டும், காவலும் வேண்டும். ஆனால் வந்தவன் கையில் இருக்கும் ஏட்டைப் பிரித்துப் பார்க்கும் ஒரு காவலனாவது அங்கே இருத்தல் வேண்டும். நாளை நம்முள் சிலர் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் அந்த வாயிலில் நிற்கப்போகிறோம். அன்று இராமானுஜனை நினைப்போமாக!