ஒரு ராத்திரியும் அதற்கப்புறமும்

குடுமியான்மலையிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து எஞ்சினியரானவன் நான். ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விட்டாலும் திங்கட்கிழமை பழைய ஆள்தான். அப்போதெல்லாம் ஐடா ஸ்கடர் ஞாபகம் வரும்.

1870-ல் பிறந்த அவருக்கு மிஷனரி வேலையே பிடிக்காது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக அவரைக் கூப்பிட்டார்கள். டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் வேண்டாம் என்று போய்விட்டார்கள். ராத்திரி முழுக்க ஜெபம். காலையில் மூன்று பெண்களும் இறந்த செதி வந்தது.

அதையே கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார். 1899-ல் டாக்டர் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல் மறைந்தார்.

அழைப்பு ஒரு ராத்திரி. உழைப்புதான் ஆயுசு முழுக்க. தம்பி தங்கைகளே, நம் திங்கட்கிழமைகளைக் கொஞ்சம் பார்ப்போமா?