புது ஊரில் ஃபெர்மி



உங்க கல்லூரியில ஒரு சம்மர் ஸ்கூல் நடக்குது. வெளிநாட்டு மாணவர்கள் இருபது பேர் உங்க ஹாஸ்டல்ல ஒரு மாசம் தங்கப் போறாங்க. அவங்களைப் பார்த்துக்கற பொறுப்பு உங்ககிட்ட வருதுன்னு வெச்சுக்குவோம். என்ன பண்ணுவீங்க? ஏர்போர்ட்டுக்குப் போய் அழைச்சுட்டு வருவீங்க. ரூம் சாவி, சிம் கார்டு, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் கொடுப்பீங்க. மெஸ் டைமிங் சொல்லுவீங்க. காரம் கம்மியா ஏதாவது செய்யுங்கன்னு மெஸ் அண்ணன்கிட்ட சொல்லியும் வெப்பீங்க. லிஸ்ட்ல எல்லாத்துக்கும் டிக் அடிச்சாச்சு. அவ்வளவுதானா, வேலை முடிஞ்சுதா?

இதுக்குப் பதில் என்ரிகோ ஃபெர்மியோட வாழ்க்கையில இருக்கு. செமிகண்டக்டர் பாடத்துல ஃபெர்மி லெவல்னு படிச்சு மார்க் வாங்கியிருப்பீங்களே, அந்த ஃபெர்மியேதான். அவர் கண்டுபிடிச்சதெல்லாம் நம்ம பாடப் புத்தகத்துல இருக்கு. அவர் ஊர் விட்டு ஊர் போய் என்ன பட்டார், அப்புறம் தன்கிட்ட வந்தவங்களுக்கு என்ன செஞ்சார்ங்கறது அதுல கிடையாது. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

அண்ணன் இல்லாத வீடு

ஃபெர்மி பிறந்தது 1901 செப்டம்பர் 29, ரோம் நகரத்துல. அப்பாவுக்கு ரயில்வேயில வேலை, அம்மா பள்ளி ஆசிரியை. ஒரு வயசு மூத்த அண்ணன் ஜூலியோதான் உற்ற தோழன். ரெண்டு பேரும் சேர்ந்து சின்னச் சின்ன மோட்டார் செஞ்சு ஓட்டிப் பார்ப்பாங்க. 1915-ல தொண்டையில ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்குப் போன ஜூலியோ உயிரோட திரும்பலை. ஃபெர்மிக்கு அப்போ 13 வயசு. அதுக்கப்புறம் அவருக்குத் துணை புத்தகங்கள்தான். பழைய புத்தகச் சந்தையில கிடைச்ச லத்தீன் மொழி இயற்பியல் நூலைக்கூட விடாம படிச்சு முடிச்சார்.

அப்பாவோட வேலை பார்த்த பொறியாளர் அடால்ஃபோ அமிதேய் இதைக் கவனிச்சார். தன்கிட்ட இருந்த கணக்குப் புத்தகங்களை ஒண்ணொண்ணா படிக்கக் கொடுத்தார். பீசாவுல இருக்கற ஸ்குவோலா நார்மாலேவுல சேரணும்னு யோசனை சொன்னவரும் அவர்தான். அங்கேயே தங்கிப் படிக்கற கல்லூரி அது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இன்னொரு பிள்ளையை வெளியூர் அனுப்ப மனசு வருமா? அமிதேய் விடாம பேசித்தான் சம்மதிக்க வெச்சார். 1918-ல ஃபெர்மி ஹாஸ்டல்வாசி ஆனார்.

பீசா அவருக்கு ஒத்துப்போச்சு. காரணம், ஃபிராங்கோ ரசேட்டின்னு ஒரு நண்பர். ரெண்டு பேரும் சேர்ந்து மத்தவங்களைத் தொந்தரவு பண்றதுக்குன்னே ஒரு சங்கம் நடத்தினாங்க. கதவைத் திறந்தா தலையில தண்ணி கொட்டற மாதிரி வாளியைக் கட்டி வெக்கறது மாதிரியான வேலைகள். நம்ம ஹாஸ்டலுக்கு இது ஒண்ணும் புதுசில்லைதானே! இதுக்கு நடுவுல 1922-ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டார்.

எல்லாம் இருந்தும் தனியாக

1923-ல இத்தாலி அரசோட உதவித்தொகை கிடைச்சு ஜெர்மனியில இருக்கற கோட்டிங்கனுக்குப் போனார். அங்க மாக்ஸ் போர்னோட குழு. ஹைசன்பெர்க், ஜோர்டன்னு அவர் வயசையொத்த பசங்க. அன்னைக்கு இயற்பியல் படிக்கறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கையில பணம் இருந்தது. ஜெர்மன் மொழியும் அவருக்குத் தெரியும்.

நீங்க மேல போட்ட லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. எல்லாத்துக்கும் டிக்தான். ஆனா அந்த ஏழெட்டு மாசமும் ஃபெர்மி அந்தக் குழுவுல ஒருத்தரா ஆகவே இல்லை. அவங்க பாட்டுக்கு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. இவர் பாட்டுக்கு ஒரு மூலையில தன் கணக்கைப் போட்டுக்கிட்டு இருந்தார். போர்ன் அன்பான மனுஷர்தான். ஆனா அமைதியா உட்கார்ந்திருக்கற இந்த இத்தாலியப் பையனுக்கு ஒரு நல்ல வார்த்தை தேவைப்படுதுன்னு அவருக்குத் தோணலை. யாரும் அவரை அவமானப்படுத்தலை, யாரும் கண்டுக்கவும் இல்லை. தன் தகுதி மேலேயே சந்தேகத்தோட ஃபெர்மி ஊர் திரும்பினார்.

லைடனில் மூணு மாசம்

அப்போ ரோம்ல ஒரு டச்சுக்காரர் இருந்தார். பேர் ஜார்ஜ் உலன்பெக். டச்சுத் தூதரோட மகனுக்கு ட்யூஷன் எடுக்கற வேலை. அவரோட பேராசிரியர் பால் எரன்ஃபெஸ்ட், ஹாலந்துல இருக்கற லைடன் நகரத்துல இருந்தார். ஃபெர்மி எழுதின ஒரு கட்டுரையைப் படிச்சுட்டு, இவரைப் போய்ப் பாருன்னு உலன்பெக்கிட்ட சொன்னார். அப்படி ஆரம்பிச்ச பழக்கம், 1924 செப்டம்பர்ல ஃபெர்மியை லைடனுக்கே கொண்டு போச்சு.

எரன்ஃபெஸ்ட் மாணவர்களைக் கேள்வி கேட்டே துளைக்கறவர். ஃபெர்மியையும் அப்படித்தான் கேட்டார். அவர் சொன்ன பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். நீ நல்ல இயற்பியலாளன்தான்னு அவர்கிட்டயே சொன்னார். சாமுவேல் கௌட்ஸ்மிட் மாதிரி அங்க இருந்த இளைஞர்கள் நண்பர்கள் ஆனாங்க. மொத்தம் மூணு மாசம்தான். ஆனா கோட்டிங்கன்ல தொலைச்ச தன்னம்பிக்கை லைடன்ல திரும்பக் கிடைச்சுது. ரெண்டு வருஷத்துக்குள்ள, நீங்க படிக்கற ஃபெர்மி லெவலுக்கு அடிப்படையான புள்ளியியல் வந்தது. 1926-லயே ரோம் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார்.

ஒரே ஆள், அதே மூளை. மாறினது அவரைச் சுத்தி இருந்தவங்கதான்.

ஆன் ஆர்பர் சம்மர் ஸ்கூல்

இப்போ 1930-க்கு வருவோம். அமெரிக்காவுல ஆன் ஆர்பர் நகரத்துல இருக்கற மிச்சிகன் பல்கலைக்கழகம், வருஷா வருஷம் கோடையில இயற்பியலுக்குன்னு ஒரு சம்மர் ஸ்கூல் நடத்திக்கிட்டு இருந்தது. அங்க பாடம் நடத்த ஃபெர்மியைக் கூப்பிட்டாங்க. மனைவி லாராவோட கப்பல் ஏறினார். இந்தத் தடவை மொழிதான் பெரிய பிரச்சினை. அவரோட ஆங்கிலம் தட்டுத் தடுமாறற ஆங்கிலம்.

ஆனா அங்க அவருக்காகக் காத்திருந்தது யார் தெரியுமா? நம்ம உலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும்! 1927-லயே ஹாலந்துல இருந்து அங்க குடியேறிட்டாங்க. புது நாட்டுல காலூன்றற கஷ்டம் அவங்களுக்கே அத்துப்படி. ஃபெர்மியோட வகுப்புல ரெண்டு பேரும் உட்கார்ந்து, அவர் தப்பா உச்சரிக்கற வார்த்தைகளையெல்லாம் எழுதி வெச்சுப்பாங்க. வகுப்பு முடிஞ்சதும் லிஸ்ட் அவர் கைக்குப் போகும். ஒரு தடவை திருத்தின தப்பை அவர் திரும்பப் பண்ண மாட்டார். ஆனா கோடை முடியறப்பவும் சில வார்த்தைகள் மட்டும் தப்பாவே வந்துச்சு. ஏன்னா கேட்க ஜாலியா இருக்குன்னு அந்த ரெண்டு பேரும் அதையெல்லாம் வேணும்னே லிஸ்ட்ல சேர்க்கலை!

யோசிச்சுப் பாருங்க. மொழி தெரிஞ்ச கோட்டிங்கன்ல தனியா இருந்தவர், மொழி தெரியாத ஆன் ஆர்பர்ல சந்தோஷமா இருந்தார். கூப்பிட்டப்போ திரும்பவும் அங்க போனார். தப்பைத் திருத்தவும் கிண்டல் பண்ணவும் நண்பர்கள் இருந்தா அது நம்ம ஊர் மாதிரிதானே.

கரி அறையில் புதைச்ச பணம்

1938. இத்தாலியில முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரா சட்டம் போட்டுது. லாரா யூதக் குடும்பத்துப் பெண். அந்த வருஷம் நோபல் பரிசு ஃபெர்மிக்கு. டிசம்பர்ல குடும்பத்தோட ஸ்டாக்ஹோம் போனவர் பரிசை வாங்கிட்டு அப்படியே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டார். 1939 ஜனவரி 2-ம் தேதி நியூயார்க்ல இறங்கினாங்க.

நோபல் வாங்கினவருக்கே வாழ்க்கை சுலபமா இல்லை. 1941 கடைசியில இத்தாலியும் அமெரிக்காவும் போர்ல எதிரெதிரா நின்னதும், சட்டப்படி அவர் எதிரி நாட்டுக்காரர். ஊர் விட்டு ஊர் போகக்கூட அனுமதி வாங்கணும். பணத்தை முடக்கிடுவாங்களோங்கற பயத்துல, நோட்டுகளை ஒரு ஈயக் குழாய்க்குள்ள வெச்சு, வீட்டுக்கு அடியில இருந்த கரி அறைத் தரையில புதைச்சு வெச்சிருந்தாங்க. குடியுரிமைகூட இல்லாத நிலையிலதான், 1942 டிசம்பர் 2-ம் தேதி சிகாகோவுல உலகத்தோட முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார். அந்த அறிவு அணுகுண்டா மாறினதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1944-லதான் குடியுரிமை கிடைச்சுது.

இரண்டு மீட்டர் ஸ்லைடு ரூல்

போர் முடிஞ்சதும் சிகாகோ பல்கலைக்கழகத்துல பேராசிரியர். இப்போ அவரைத் தேடி வெளிநாட்டு மாணவர்கள் வர ஆரம்பிச்சாங்க. சீனாவுல இருந்து வந்த யாங் சென் நிங், 1945-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல போய்த் தேடி, அவர் அங்க இல்லைன்னு தெரிஞ்சு, சிகாகோ வரைக்கும் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் லீ சுங் டாவ் வந்தார். 19 வயசு, கையில இளங்கலைப் பட்டம்கூட இல்லை.

ஃபெர்மி மதியச் சாப்பாட்டை மாணவர்களோட உட்கார்ந்து சாப்பிடுவார். சாயங்காலம் தன் அறையில சில மாணவர்களை மட்டும் உட்கார வெச்சுத் தனியா பாடம் எடுப்பார். வீட்டுல நடனத்தோட விருந்து நடக்கும், மாணவர்களுக்கும் அழைப்பு உண்டு. மேற்கத்தியப் பழக்கவழக்கம் லீக்கு முதல்முதல்ல அறிமுகமானது அந்த வீட்டுலதான்.

ஒரு நாள் சூரியனோட மையத்துல வெப்பநிலை எவ்வளவுன்னு லீயைக் கேட்டார். லீ படிச்சதைச் சொன்னார். நீயே கணக்குப் போட்டுப் பார்த்தியான்னு அடுத்த கேள்வி. போடலை, ரொம்பச் சிக்கலான கணக்கு. வேற யாராவதா இருந்தா போய்ப் போட்டுட்டு வான்னு அனுப்பியிருப்பாங்க. ஃபெர்மி என்ன பண்ணினார்? அந்த ஒரு கணக்குக்காகவே லீயோட சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்கு மரத்துல ஒரு ஸ்லைடு ரூலே செஞ்சார்! அந்த மாணவன் அதுக்கப்புறம் தன்னை அந்நியனா நினைச்சிருப்பானா? 1957-ல யாங், லீ ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சுது.

அதைப் பார்க்க ஃபெர்மி இல்லை.

கடைசிக் கோடை

1954 கோடையில ஐரோப்பா போனார். முதல்ல பிரான்ஸ்ல லெஸ் ஹூஷ் சம்மர் ஸ்கூல். அப்புறம் இத்தாலியில கோமோ ஏரிக்கரையில இருக்கற வரென்னா சம்மர் ஸ்கூல். உடம்புக்குள்ள நோய் இருந்தது அப்போ அவருக்குத் தெரியாது. சிகாகோ திரும்பினதும் புற்றுநோய்னு தெரிஞ்சுது. நவம்பர் 28-ம் தேதி, 53 வயசுல காலமானார். வரென்னாவுல இன்னமும் உலகம் முழுக்க இருந்து மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கறாங்க. அந்தப் பள்ளிக்கு இப்போ ஃபெர்மியோட பேர்தான்.

சரி, ஆரம்பத்துல போட்ட லிஸ்ட்டுக்கு வருவோம். சாவி, சிம், வைஃபை எல்லாம் வேணும்தான், அதுல குறை வெக்காதீங்க. ஆனா கோட்டிங்கன்லயும் அதுக்குச் சமமான எல்லாம் இருந்துச்சு. அதனால லிஸ்ட்டோட கடைசியில இன்னும் மூணு வரி எழுதிக்கோங்க. மெஸ்ல தனியா உட்கார்ந்து சாப்பிடறவர் பக்கத்துல தட்டோட போய் உட்காருங்க. அவர் என்ன படிக்கறார்னு கேட்டு, பதிலை முழுசா கேளுங்க. நீங்க செஞ்சுக்கிட்டு இருக்கற புராஜெக்ட்ல ஒரு வேலையை அவர் கையில கொடுங்க.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க. பக்கத்து மாவட்டத்துல இருந்து வந்து, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கற உங்க ஜூனியருக்கும் இதேதான். போய்க் கதவைத் தட்டுங்க!